துறை மாறினால் ஆண்டுகள் அழியுமா? - அரசு ஊழியர் பணிமூப்பின் கதை

அரசு அலுவலகங்களில் அதிகம் சண்டைக்குள்ளாகும் காகிதங்களில் ஒன்று பணிமூப்புப் பட்டியல். பேச்சுவழக்கில் சீனியாரிட்டி லிஸ்ட். அதில் 12-ஆவது பெயராக இருப்பவர் ஓய்வு பெறுவதற்குள் அதிகாரி ஆகிவிடலாம். 60-ஆவது பெயராக இருப்பவர் சேர்ந்த பதவியிலேயே ஓய்வு பெற நேரலாம். இருவரும் ஒரே வேலையை, ஒரே அளவு காலம் செய்தவர்களாகக்கூட இருக்கலாம். அவர்களைப் பிரிப்பது பல நேரங்களில் ஒரே ஒரு தேதிதான்.

ஒரே துறையில் சேர்ந்து அதே துறையில் ஓய்வு பெறுபவருக்கு இந்தத் தேதியில் பெரிய குழப்பம் வராது. ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்குப் போய், அங்கேயே நிரந்தரமாக ஈர்த்துக்கொள்ளப்படுபவருக்குத்தான் சிக்கல் தொடங்குகிறது.

ஒரு கற்பனை உதாரணம் பார்ப்போம். ஒருவர் 1978-இல் ஒரு மத்தியப் படையில் உதவி ஆய்வாளராக நியமிக்கப்படுகிறார். 1984-இல் டெபுடேஷன் என்று சொல்லப்படும் அயல்பணியில் ஒரு காவல் துறைக்கு அதே உதவி ஆய்வாளர் பதவிக்கு வருகிறார். 1990-இல் அந்தக் காவல் துறையே அவரை நிரந்தரமாக எடுத்துக்கொள்கிறது. அவருடைய பணிமூப்பு எந்த ஆண்டிலிருந்து தொடங்கும்? 1978, 1984, 1990 என்று மூன்று பதில்கள் இருக்கின்றன. மூன்றுக்கும் வாதம் இருக்கிறது.

இப்போது இன்னொருவரையும் சேர்த்துக்கொள்வோம். அவர் 1985-இல் அதே காவல் துறையில் நேரடியாகச் சேர்ந்தவர். 1990 என்று முடிவானால் அவர் மேலே இருப்பார். 1978 என்றோ 1984 என்றோ முடிவானால் வெளியிலிருந்து வந்தவர் அவருக்கு மேலே போய்விடுவார். ஆக ஒருவருக்குக் கிடைக்கும் நியாயம் இன்னொருவருக்கு இழப்பாகத் தெரிகிறது. இந்தக் கேள்விக்கு இந்தியாவில் ஒரு தெளிவான பதில் கிடைக்க ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆயின.

பிரிவினையில் தொடங்கிய கேள்வி

1947-இல் நாடு பிரிந்தபோது இடம் பெயர்ந்தவர்களில் அரசு ஊழியர்களும் இருந்தார்கள். சிந்து, வடமேற்கு எல்லை மாகாணம் போன்ற பகுதிகளில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர்கள் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு மத்திய அரசு அலுவலகங்களில் இடம் கொடுக்கப்பட்டது. ஆனால் புதிய அலுவலகத்தில் அவர்கள் தற்காலிக ஊழியர்கள். ஏற்கனவே அங்கே இருந்தவர்களுக்குக் கீழேதான் நிற்க வேண்டும் என்றால், வீட்டையும் ஊரையும் இழந்து வந்தவர் தன் பணிக்காலத்தையும் இழந்தவர் ஆகிவிடுவார்.

இதைச் சரிசெய்யவே 1949 ஜூன் 22 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் ஒரு குறிப்பாணை வெளியிட்டது. பணி நிரந்தரம் ஆன தேதியைப் பார்க்காமல், அந்தப் பதவியிலோ அதற்குச் சமமான பதவியிலோ ஒருவர் தொடர்ந்து வேலை செய்த காலத்தைக் கணக்கிட வேண்டும் என்பது அதன் சாரம். அந்த வேலை மத்திய அரசில் செய்யப்பட்டதா, மாகாண அரசில் செய்யப்பட்டதா, எல்லைக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்பது பொருட்டல்ல. அகதியாக வந்தவரின் பழைய ஆண்டுகளும் ஆண்டுகள்தான் என்று அரசே ஒப்புக்கொண்ட ஆவணம் அது.

இந்த ஏற்பாடு பத்து ஆண்டுகள் ஓடியது. 1959 டிசம்பர் 22 அன்று உள்துறை அமைச்சகம் பணிமூப்புக்கான பொதுக் கோட்பாடுகளை வெளியிட்டது. இடம் பெயர்ந்து வந்தவர்கள் பெரும்பாலும் அலுவலகங்களில் நிலைபெற்றுவிட்டார்கள், இனிச் சிறப்பு ஏற்பாடு தேவையில்லை என்பது அரசின் எண்ணம். பணி நிரந்தரம் ஆன வரிசை மீண்டும் முக்கியமானது. 1959-க்கு முன்பே வேலையில் சேர்ந்தவர்களின் இடத்தைப் புதிய கோட்பாட்டைக் காட்டி மாற்றலாமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அப்படி மாற்றக் கூடாது, அவர்களுக்கு 1949-இன் விதியே பொருந்தும் என்று 1972-இல் தீர்ப்பு வந்தது.

மாநிலங்கள் மாறின, மேசைகள் மாறவில்லை

பிரிவினைக்குப் பிறகு இதே கேள்வி இன்னும் பெரிய அளவில் எழுந்தது 1956-இல். அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று மொழிவாரி மாநிலங்கள் உருவாயின. அதற்கு முந்தைய நாள் வரை ஓர் அரசின் ஊழியராக இருந்தவர் மறுநாள் காலை அதே மேசையில் உட்கார்ந்தபடியே இன்னொரு அரசின் ஊழியர் ஆனார்.

புதிய மைசூர் மாநிலத்தை எடுத்துக்கொள்ளலாம். பழைய மைசூர், பம்பாய் மாநிலத்தின் கன்னட மாவட்டங்கள், ஐதராபாத் மாநிலத்தின் கன்னட மாவட்டங்கள், சென்னை மாநிலத்திலிருந்து தென் கன்னடமும் கொள்ளேகாலமும், குடகு என ஐந்து இடங்களிலிருந்து வந்த ஊழியர்கள் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தார்கள். தமிழர்களுக்கு நெருக்கமான உதாரணமும் உண்டு. திருவிதாங்கூர்-கொச்சியின் கீழ் இருந்த தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. மலபார் மாவட்டம் சென்னையை விட்டுக் கேரளாவுக்குப் போனது.

ஒவ்வோர் அரசிலும் பதவிகளின் பெயர்கள் வேறு, சம்பளம் வேறு, துறைத் தேர்வுகள் வேறு. ஓர் இடத்தில் மாவட்ட அளவில் பட்டியல் போடுவார்கள், இன்னோர் இடத்தில் மாநில அளவில் போடுவார்கள். இவற்றையெல்லாம் ஒரே பட்டியலாக்குவது எப்படி?

இதற்காகப் பாதிக்கப்படும் மாநிலங்களின் தலைமைச் செயலாளர்கள் 1956 மே 18, 19 தேதிகளில் பம்பாயில் கூடினார்கள். இரண்டு பதவிகள் சமமானவையா என்று பார்க்க நான்கு அளவுகோல்களை வகுத்தார்கள்.

1. அந்தப் பதவியில் செய்யும் வேலையின் தன்மை
2. அந்தப் பதவியின் பொறுப்பும் அதிகாரமும், எவ்வளவு பரப்பை அல்லது பணியை அது கவனிக்கிறது என்பதும்
3. அந்தப் பதவிக்குத் தேவையான குறைந்தபட்சக் கல்வித் தகுதி
4. சம்பளம்

சம்பளம் கடைசியாக வருவதைக் கவனிக்க வேண்டும். பணக்கார மாநிலத்தின் எழுத்தருக்கு அதிகச் சம்பளம் இருக்கலாம், ஏழை மாநிலத்தின் எழுத்தருக்குக் குறைவாக இருக்கலாம். அதனால் மட்டும் ஒருவருடைய வேலை இன்னொருவருடைய வேலையைவிட உயர்ந்தது ஆகிவிடாது. மத்தியப் பிரதேசத்தில் நடந்த இணைப்பைப் பற்றிய பி.கே. ராய் வழக்கில் 1960-களின் பிற்பகுதியில் உச்ச நீதிமன்றம் இந்த நான்கு அளவுகோல்களையும் ஏற்றுக்கொண்டது. அதன் பிறகு வந்த தீர்ப்புகளில் இவை திரும்பத் திரும்ப எடுத்தாளப்பட்டன.

சட்டம் கொடுத்த பாதுகாப்பும் அதன் ஓட்டையும்

1956-ஆம் ஆண்டின் மாநில மறுசீரமைப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு இந்த ஊழியர்களுக்கு ஒரு பாதுகாப்பைக் கொடுத்தது. மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமல், புதிய மாநிலம் அவர்களுடைய பணி நிபந்தனைகளை அவர்களுக்குப் பாதகமாக மாற்றக் கூடாது. படிக்கும்போது உறுதியான வேலி போலத்தான் தெரிகிறது.

ஆனால் 1957 மே 11 அன்று மத்திய அரசு மாநிலங்களுக்கு ஒரு குறிப்பாணை அனுப்பியது. சம்பளம், விடுப்பு, ஓய்வூதியம், வருங்கால வைப்பு நிதி போன்றவற்றில் பாதுகாப்பு தொடர வேண்டும் என்றது. துறைசார்ந்த பதவி உயர்வு விதிகளில் அப்படி ஓர் உறுதி தேவையில்லை என்றும் சொன்னது. சென்னை மாநிலத்திலிருந்து மைசூருக்குப் போன தென் கன்னட மாவட்டத்தின் ஊழியர் ஒருவர் தொடுத்த வழக்கில், இந்தக் குறிப்பாணையே சட்டம் கேட்கும் முன் அனுமதிதான் என்று 1964-இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ஒவ்வொரு விதிக்கும் தனித்தனியாக அனுமதி வாங்க வேண்டியதில்லை. பதவி உயர்வு விதிகளை மாற்ற மாநிலங்களுக்கு வழி திறந்துவிட்டது.

இதன் விளைவு என்ன என்பதை மைசூரின் சுகாதார ஆய்வாளர்கள் வழக்கில் பார்க்கலாம். முன்பு அவர்களுக்கு மாவட்ட அளவில் பணிமூப்பு. புதிய மாநிலம் அதை மாநில அளவுக்கு மாற்றியது. மாவட்டத்தில் முன்வரிசையில் இருந்தவர்கள் மாநிலப் பட்டியலில் வெகு கீழே போனார்கள். பதவி உயர்வு வாய்ப்பு கையை விட்டுப் போனது. 1967-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பதில் அவர்களுக்குக் கசப்பாகவே இருந்திருக்கும். பதவி உயர்வுக்கான வாய்ப்பு என்பது வேறு, பணி நிபந்தனை என்பது வேறு. வாய்ப்பு குறைந்தது என்பதற்காக விதியை ரத்து செய்ய முடியாது.

ஆந்திரப் பிரதேசத்தில் சேர்ந்த பழைய ஐதராபாத் மாநிலத்தின் பொறியியல் மேற்பார்வையாளர்கள் வழக்கிலும் 1974-இல் இதே கருத்து உறுதியானது. பதவி உயர்வுக்குத் தன்னைப் பரிசீலிக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை ஊழியருக்கு உண்டு. பதவி உயர்வு இத்தனை ஆண்டுகளில் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு உரிமை ஆகாது.

ஆக, இந்தக் கட்டத்தில் நிலைமை இதுதான். பழைய ஆண்டுகளை மதிக்க வேண்டும் என்ற கொள்கை இருந்தது. அதை வைத்து எவ்வளவு தூரம் போராட முடியும் என்பதில் எல்லையும் இருந்தது.

பம்பாய் ரேஷன் அலுவலகம்

1960-களின் நடுவில் உணவுத் தட்டுப்பாடு கடுமையாக இருந்தபோது பம்பாயில் ரேஷன் நிர்வாகத்துக்குத் தனி அமைப்பு உருவானது. அதற்கு அவசரமாக ஆட்கள் தேவைப்பட்டார்கள். பல துறைகளிலிருந்து ஊழியர்கள் எடுக்கப்பட்டார்கள். புதிதாக நேரடியாகவும் ஆட்கள் சேர்க்கப்பட்டார்கள். 1968-இல் மகாராஷ்டிர அரசு, பிற துறைகளிலிருந்து வந்தவர்களின் பழைய பணிக்காலத்தையும் கணக்கில் எடுத்துப் பணிமூப்பு நிர்ணயிக்கலாம் என்று ஆணை பிறப்பித்தது. நேரடியாகச் சேர்ந்தவர்கள் இதை எதிர்த்து உயர் நீதிமன்றம் போனார்கள். அங்கே வெற்றியும் பெற்றார்கள்.

1980-களின் தொடக்கத்தில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி, அரசின் ஆணையை நிலைநிறுத்தியது. பல இடங்களிலிருந்து ஆட்களைத் திரட்டி ஒரு புதிய பணியை உருவாக்கும்போது, அவர்கள் தாய்த்துறையில் செய்த பணியை மதித்து இடம் கொடுப்பது நியாயமான முறையே என்றது. இதில் ஒரு எளிய உண்மை இருக்கிறது. அரசு கூப்பிட்டது, அவர்கள் வந்தார்கள். கூப்பிட்டவுடன் வந்ததற்காக ஒருவர் தன் ஆண்டுகளை இழக்க வேண்டும் என்றால், அடுத்த முறை கூப்பிடும்போது யார் வருவார்கள்?

ஒரு சிறிய சொற்றொடர்

மேலே சொன்ன 1978, 1984, 1990 உதாரணத்துக்கு இப்போது வரலாம்.

1986 மே 29 அன்று மத்திய அரசின் பணியாளர் துறை ஒரு குறிப்பாணை வெளியிட்டது. அயல்பணியில் வந்து பிறகு ஈர்த்துக்கொள்ளப்படுபவருக்குப் பொதுவாக ஈர்த்துக்கொண்ட தேதியிலிருந்துதான் பணிமூப்பு. ஆனால் அவர் தாய்த்துறையில் அதே பதவியையோ சமமான பதவியையோ முறையாக வகித்து வந்தவர் என்றால் ஒரு சலுகை உண்டு. அயல்பணியில் சேர்ந்த தேதி, தாய்த்துறையில் அந்தப் பதவிக்கு முறையாக நியமிக்கப்பட்ட தேதி, இவற்றில் எது பிந்தையதோ அதிலிருந்து பணிமூப்பு கிடைக்கும்.

"எது பிந்தையதோ" என்ற சொற்றொடரில்தான் எல்லாம் இருக்கிறது. ஏற்கனவே சமமான பதவியில் இருந்துவிட்டு அயல்பணிக்கு வந்தவருக்கு, வந்த தேதிதானே பிந்தையது? உதாரணத்தில் உள்ளவருக்கு 1984 கிடைக்கும். 1978 முதல் 1984 வரையிலான ஆறு ஆண்டுகள் காற்றில் போகும். ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பாதி வாங்கிக்கொண்டது அந்தச் சொற்றொடர்.

1987-இல் மத்தியப் புலனாய்வுத் துறையான சிபிஐ-யின் அதிகாரிகள் பற்றிய கே. மாதவன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான கருத்தைச் சொன்னது. ஒரு பதவியில் இருப்பவரை அதே பதவிக்கோ சமமான பதவிக்கோ வேறு துறைக்கு மாற்றினால், மாற்றத்துக்கு முன் அவர் செய்த பணியைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது பணிச் சட்டத்தின் நெறிகளுக்கே விரோதம். இடமாற்றம் ஒருவரின் பணிக்காலத்தை அழித்துவிட முடியாது. அயல்பணியில் வந்து நிரந்தரமாக ஈர்த்துக்கொள்ளப்பட்டவருக்கும் இடமாற்றத்தில் வந்தவருக்கும் இந்த விஷயத்தில் வேறுபாடு இல்லை.

ஆனாலும் 1986-இன் குறிப்பாணை அப்படியே இருந்தது. எல்லைப் பாதுகாப்புப் படையிலிருந்து டெல்லி காவல் துறைக்கு அயல்பணியில் வந்து, பிறகு அங்கேயே ஈர்த்துக்கொள்ளப்பட்ட உதவி ஆய்வாளர்கள் தங்கள் பழைய பணிக்காலத்தைச் சேர்க்கச் சொல்லி வழக்குத் தொடுத்தார்கள். ரூப்லால் வழக்கு என்று சட்ட உலகில் அறியப்படுவது இதுதான்.

இதே போன்ற ஒரு வழக்கில் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம் முன்பே ஊழியருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்லியிருந்தது. இவர்கள் போனபோது அதே தீர்ப்பாயத்தின் இன்னோர் அமர்வு மாற்றிச் சொன்னது. எல்லைப் பாதுகாப்புப் படையின் உதவி ஆய்வாளர் பதவியும் டெல்லி காவல் துறையின் உதவி ஆய்வாளர் பதவியும் சமமானவை அல்ல, சம்பள விகிதம் வேறு என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

1999 டிசம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. எழுதியவர் நீதிபதி சந்தோஷ் ஹெக்டே. தீர்ப்பில் மூன்று விஷயங்கள் முக்கியமானவை.

முதலாவது, ஓர் அமர்வு சொன்னதை அதே தகுதியுள்ள இன்னோர் அமர்வு ஏற்கவில்லை என்றால், பெரிய அமர்வுக்கு அனுப்ப வேண்டுமே தவிரத் தானே மாற்றிச் சொல்லக் கூடாது.

இரண்டாவது, இரண்டு பதவிகள் சமமா என்று பார்க்கச் சம்பளம் மட்டுமே அளவுகோல் அல்ல. 1956-இல் பம்பாயில் வகுத்த அதே நான்கு அளவுகோல்கள் 43 ஆண்டுகள் கழித்து இந்த உதவி ஆய்வாளர்களுக்குக் கை கொடுத்தன!

மூன்றாவது, "எது பிந்தையதோ" என்ற சொற்றொடர் அரசியலமைப்பின் 14, 16 ஆகிய பிரிவுகளுக்கு எதிரானது. சமத்துவத்தையும் அரசு வேலையில் சம வாய்ப்பையும் உறுதி செய்யும் பிரிவுகள் அவை. அதனால் அந்தச் சொற்றொடர் செல்லாது.

2001 மார்ச் 27 அன்று பணியாளர் துறை தன் குறிப்பாணையைத் திருத்தியது. "எது பிந்தையதோ" என்பது "எது முந்தையதோ" என்று மாறியது. தீர்ப்பு வந்த 1999 டிசம்பர் 14 முதல் அது நடைமுறைக்கு வரும் என்றும் அறிவிக்கப்பட்டது. நம் உதாரணத்தில் உள்ளவருக்கு 1984 என்பது 1978 ஆனது. மாறியது ஒரே ஒரு சொல், கிடைத்தது ஆறு ஆண்டுகள்.

எல்லோருக்கும் பொருந்துமா?

இதைப் படித்துவிட்டுத் துறை மாறும் எல்லோருக்கும் பழைய ஆண்டுகள் கிடைத்துவிடும் என்று நினைத்தால் தவறு. மூன்று வகையினருக்கு அது கிடைப்பதில்லை.

ஒன்று, சொந்த விருப்பத்தின் பேரில் மாறுதல் கேட்டுப் போகிறவர்கள். ரயில்வேயில் இதை எல்லோரும் அறிவார்கள். சொந்த ஊருக்குப் பக்கத்தில் போக வேண்டும் என்று வேறு பிரிவுக்கு மாறுதல் வாங்கினால், அந்தப் பிரிவின் பட்டியலில் கடைசியில்தான் சேர வேண்டும். பாட்டம் சீனியாரிட்டி என்று இதற்குப் பெயர். வயதான பெற்றோருக்காகவோ குழந்தைகளுக்காகவோ பல ஆண்டுகளை விட்டுக்கொடுத்து ஊருக்கு வருபவர்கள் உண்டு. விதி கடுமையாகத் தோன்றலாம். ஆனால் அங்கே ஏற்கனவே வரிசையில் நிற்பவர்கள் யாரையும் வரச் சொல்லவில்லை என்பதையும் நினைக்க வேண்டும்.

இரண்டு, நிபந்தனையை ஏற்றுக் கையெழுத்துப் போட்டவர்கள். உத்தரப் பிரதேசத்தில் ஜல் நிகம் அமைப்பிலிருந்து நகர வளர்ச்சி ஆணையங்களுக்கு அயல்பணியில் வந்த பொறியாளர்கள், பழைய பணிக்காலம் பணிமூப்புக்குச் சேராது என்ற நிபந்தனையுடன் ஈர்த்துக்கொள்ளப்பட்டார்கள். பிறகு அதைச் சேர்க்கச் சொல்லி வழக்குப் போட்டார்கள். தெரிந்தே ஏற்ற நிபந்தனையிலிருந்து பின்வாங்க முடியாது என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

மூன்றாவது வகைதான் மனதை உறுத்துவது. ஓர் அலுவலகம் மூடப்படும்போதோ பதவிகள் குறைக்கப்படும்போதோ உபரி ஆகும் ஊழியர்கள். இவர்களை வேறு அலுவலகங்களில் பணியமர்த்த மத்திய அரசு 1966-இல் தனிப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. இவர்களின் பழைய பணிக்காலம் புதிய இடத்தில் பணிமூப்புக்குச் சேராது என்று விதி உண்டு. அந்த விதி செல்லும் என்று 1998-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேலையே போக வேண்டிய நிலையில் வேலை காப்பாற்றப்பட்டது, அதுவே பெரிய உதவி என்பது இதன் பின்னால் உள்ள வாதம்.

வாதம் புரிகிறது. ஆனாலும் உபரி ஆனவர் விரும்பிப் போனவர் அல்ல. அலுவலகத்தை மூடியது அவரும் அல்ல. பதினைந்து ஆண்டு அனுபவத்தோடு வந்து, முந்தைய வாரம் சேர்ந்தவருக்குப் பின்னால் நிற்கிறார். 1949-இல் எல்லை தாண்டி வந்தவரைப் பற்றி அரசு நினைத்தது போல, உபரி என்று முத்திரை குத்தப்பட்டவரைப் பற்றி நினைக்கவில்லை.

வரலாறு சொல்வது

இத்தனை தீர்ப்புகளையும் ஆணைகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு கோடு தெரிகிறது. அரசு தன் தேவைக்காக ஒருவரை நகர்த்தினால் அவருடைய ஆண்டுகளும் அவரோடு நகர வேண்டும். அவர் தன் தேவைக்காக நகர்ந்தால் வரிசையில் முன்பே நிற்பவர்களின் உரிமைக்கு மதிப்பு அதிகம். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இன்னும் முழுமையான நியாயம் கிடைக்கவில்லை.

துறை மாறும் ஓர் ஊழியர் நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நல்லது. இந்த மாறுதல் பொது நலன் கருதியா, சொந்த விருப்பத்திலா? பழைய பதவியும் புதிய பதவியும் வேலையின் தன்மையில் சமமா? பழைய பதவியில் நியமனம் முறையானதா, தற்காலிகமானதா? கையெழுத்துப் போடும் காகிதத்தில் பணிமூப்பு பற்றி என்ன எழுதியிருக்கிறது? பெரும்பாலான வழக்குகள் இந்த நான்கில் ஒன்றில்தான் வென்றன, அல்லது தோற்றன.

பணிமூப்புப் பட்டியல் என்பது வெறும் பெயர்களும் எண்களும் கொண்ட காகிதம்தான். ஆனால் அதில் உள்ள ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் ஒருவர் வேலைக்குப் போய் வந்த காலைகளும் மாலைகளும் இருக்கின்றன. அந்த நாட்கள் எந்தத் துறையின் கூரைக்குக் கீழே கழிந்தன என்பதற்காக அவை நடக்கவே இல்லை என்று சொல்லிவிட முடியாது.